யாருகிட்ட பாடம்? காவிரிக் கரையில் ஆறு நாள்

முதல் நாள், தஞ்சாவூர்

மாசி முகூர்த்தங்களுக்கு நடுவில் ஆறு நாள் இடைவெளி கிடைத்தது. விடிகாலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, பத்து மணிக்குத் தஞ்சாவூரில் இறங்கினேன். இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன். கெட்டிமேளம் கேட்டதும் கை தானாக ஷட்டரை அழுத்தும். அந்த மேளத்தை வாசித்தவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றவர் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ரொம்ப நாளாக அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பெரிய கோயில். அங்கே என் தொழில்காரர் ஒருவரின் தடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் இங்கே வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை ஒரே நீளப் படமாக்க ஆசைப்பட்டார். ஒரு படத்தில் அது அடங்காது. காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரு படம் செய்தார். ஃபிலிம் வராத காலம். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ்.

தென்புறச் சுவரோரம் மெதுவாக நடந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுகிற மாதிரி சாய்ந்த வெயில் வேண்டும். பதினோரு மணிக்கு எடுத்த படத்தில் பாதி எழுத்தைக் காணோம், வெறும் கல்லாக இருந்தது. சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து அதே இடத்தில் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் விரலால் தொட்டுப் பார்க்கலாம் போல எழுந்து நின்றது. வெயிலுக்காக அந்த மனிதர் எத்தனை நேரம் இங்கே காத்திருந்திருப்பார்!

இதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் 400 ஆடல் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. ராஜராஜன் திருவாரூர், திருவையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள். எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆட்டக்காரிகளோடு மேளக்காரர்கள், தமிழ் பாடுவார், ஆரியம் பாடுவார் எல்லோருக்கும் அதில் பங்கு எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசன் தன் பெயரோடு ஆட்டக்காரியின் பெயரையும் வீட்டு எண்ணையும் கல்லில் வெட்டச் சொன்னான் என்பது எனக்கு விமானத்தின் உயரத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கருவறையைச் சுற்றிய உள்நடையில் சோழர் ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் அவை மறைந்து கிடந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். உள்ளே நம்மை விடமாட்டார்கள். வளாகத்திலேயே வைத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாம் நாள், தஞ்சாவூர்

காலையில் சிவகங்கைப் பூங்காவுக்குள் இருக்கும் ஷ்வார்ட்ஸ் தேவாலயம். 1779-இல் கட்டியது. உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். ஜெர்மானியப் போதகர் ஷ்வார்ட்ஸ் சாகக் கிடக்கிறார். இளம் மன்னர் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சிறு வயதில் தன்னைப் பாதுகாத்துப் படிக்கவைத்த ஆசிரியருக்காகச் சரபோஜி சொல்லிச் செய்யவைத்தது. செய்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன். இந்தியாவுக்கு வராதவர். மராட்டிய மன்னர், ஜெர்மானிய ஆசிரியர், ஆங்கிலேயச் சிற்பி, தஞ்சாவூர்ச் சுவர். நான் பார்த்தது அந்த இரண்டு கைகளைத்தான். கல்யாணத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது அப்பாவின் கை இப்படித்தான் விடமாட்டாமல் இருக்கும்.

அங்கிருந்து மேலவீதிக்கு நடந்தேன். தஞ்சை நால்வர் என்று சொல்லும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு வாழ்ந்த வீதி. முத்துசுவாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். இன்று உலகம் முழுக்க ஆடுகிற பரதத்தின் கச்சேரி வரிசை, அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, அவர்கள் கட்டிக் கொடுத்ததுதான். கடைசித் தம்பி வடிவேலு வெள்ளைக்காரர்களின் வயலினைக் கையில் எடுத்து, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் நம் கமகத்துக்குப் பழக்கியவர்களில் ஒருவர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். கல்யாண வரவேற்பில் வயலின் வாசிப்பவரைப் பார்த்து யாருக்கும் இது வெளிநாட்டு வாத்தியம் என்று தோன்றுவதில்லையே, அதற்குப் பின்னால் இந்த வீதி இருக்கிறது.

மத்தியானம் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். அப்புறம் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி யோசித்துக்கொண்டே சுற்றினேன். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த கிறிஸ்தவர். ஆசிரியப் பயிற்சி படித்தது எங்கள் திண்டுக்கல்லில். வயலின் கற்றதும் அங்கேதான். தஞ்சாவூரில் சித்த மருத்துவராகப் பெயர் எடுத்தார், சம்பாதித்ததை இசையில் போட்டார். 1912-இலிருந்து சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடா மாநாட்டுக்குப் போய் சுருதி 22 அல்ல, 24 என்று வாதாடினார். 1917-இல் அவர் எழுதிய இசை நூல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. இதோடு புகைப்படமும் எடுத்தார். மருந்து, இசை, தோட்டம், காமிரா எல்லாவற்றையும் ஒரே மனிதர் உயிராகப் பிடித்துச் செய்திருக்கிறார். எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. அது எனக்கு வருத்தம்தான்.

மூன்றாம் நாள், திருவையாறு

மேட்டூரை மூடிவிட்டார்கள். ஆற்றில் மணலும் நடுவில் ஒரு கோடு தண்ணீரும்தான். ஆராதனை முடிந்து கூட்டம் போனபின் தியாகராஜர் சமாதி அமைதியாக இருந்தது. ஓர் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

தியாகராஜர் 1847-இல் காலமானார். அவர் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்தபோது அதற்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்த தேவதாசி. தன் சொத்தையும் நகையையும் இதற்காகக் கொடுத்தார். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் சமாதிக்குப் பின்பக்கம் பெண்களை உட்காரவைத்துத் தனியாகவே பாடவைத்தார். கடைசியில், ஆராதனையைத் தனித்தனியாக நடத்திவந்த கோஷ்டிகள் எல்லாம் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1952-இல் இறந்த அவருடைய சமாதியும் இங்கேயே, குருவைப் பார்த்தபடி இருக்கிறது.

முத்துப்பழனி என்ற தஞ்சாவூர் அரண்மனைப் பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் தேடிப்பிடித்துப் பதிப்பித்தவரும் நாகரத்தினம்மாள்தான். ஆபாசம் என்று அதைத் தடை செய்தார்கள். முத்துப்பழனி இருந்தது பிரதாபசிம்மர் என்ற மராட்டிய மன்னரின் சபையில். அந்த மன்னரை நாகூரில் மறுபடி பார்க்கப்போகிறேன்.

இதே சந்நிதியில் ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் உட்கார்ந்து பாடியிருக்கிறார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனிடம் பாடம். பாலசரஸ்வதியின் குடும்பமோ தஞ்சாவூர் அரண்மனைப் பாப்பம்மாள் வழி வந்தது. ஆக, தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கும் போன பாட்டு, ஒரு வெள்ளைக்காரரின் குரலில் காவிரிக் கரைக்கே திரும்பி வந்தது. நம்மவர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கூப்பிட்டார்கள். 1984-இல் ஒரு குடிகாரனின் வண்டி மோதி அவர் இறந்தபோது வயது 45.

பாலசரஸ்வதியை 1976-இல் ஆவணப்படமாக எடுத்தவர் சத்யஜித் ராய். சின்னப் பையனாகக் கல்கத்தாவில் அவர் ஆட்டத்தைப் பார்த்ததை மனதில் வைத்திருந்து, நாற்பது வருஷம் கழித்துக் காமிராவோடு வந்தார்.

நான்காம் நாள், சுவாமிமலை

கும்பகோணத்தில் அறை எடுத்திருக்கிறேன். ஒரு சிற்பக்கூடத்தில் அரை நாள் உட்கார அனுமதி கிடைத்தது. ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்து, தாளம் என்று சொல்லும் சிற்ப அளவைப் பிரித்தார். ஸ்கேலை யாரும் தொடவில்லை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். முதல் பூச்சு மாவு போல நைசாக இருக்கும். விரல்ரேகைகூட அதில் பதியும். சூடுபடுத்தி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைத்துவிடுகிறார்கள். அச்சு போய்விடும். ஒரு சிலை ஒரு தடவைதான். டெல்லியில் 2023-இல் ஜி-20 மாநாட்டு அரங்கின் முன் நின்ற 27 அடி நடராஜரைச் செய்து அனுப்பியதும் இந்த ஊர் ஸ்தபதிகள்தான்.

ஸ்தபதியிடம் ரோதின் கதையைச் சொன்னேன். பிரெஞ்சுச் சிற்பி ரோதின் நடராஜரை நேரில் பார்த்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்கள் அவருக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1921-இல் வெளியானது. "போட்டோவப் பாத்தேவா?" என்று கேட்டார் ஸ்தபதி. கொஞ்ச நேரம் பேசாமல் அரத்தைத் தேய்த்தார். "அப்ப போட்டோ புடிச்சவரும் நல்ல ஆள்தான்" என்றார். எனக்கு அது போதும்.

மணிமேகலையில் பூம்புகார் மண்டபம் ஒன்றைச் செய்தவர்கள் பட்டியல் வரும். மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், இவர்களோடு கூடிய தமிழ் வினைஞர். பட்டறையில் இன்று ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் ராவிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், நரசிங்கம்பேட்டை

மயிலாடுதுறை பஸ்ஸில் திருபுவனம், ஆடுதுறை தாண்டி இறங்கினேன். இருபுறமும் அறுத்து முடித்த வயல், வைக்கோல் கட்டுகள், தாளடியில் தெளித்த உளுந்து பச்சை பிடித்திருந்தது. நாயனம் என்கிற நாதஸ்வரம் செய்யும் ஊர் இது. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்யும் குடும்பங்கள் கைவிரல் விட்டு எண்ணும்படிதான் மிச்சம்.

ஆசாரிக்கு எழுபது வயது இருக்கும். திண்ணையில் ஒரு பழைய உத்தரத்தைக் குறுக்கே போட்டிருந்தார். "ஆச்சா மரம் தம்பி. செட்டிநாட்டுப் பக்கம் இடிச்ச வீட்டுல எடுத்தது" என்று விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கண்கண் என்று சத்தம். பக்கத்தில் கிடந்த வேறு கட்டையைத் தட்டினார். தொப் என்றது. புது மரத்தில் ஈரம் இருக்கும், வாசிப்பவரின் மூச்சு பட்டுப் பட்டு வெடித்துவிடும். ஐம்பது, நூறு வருஷம் ஒரு வீட்டைத் தாங்கி நின்று உலர்ந்த மரம்தான் நாயனத்துக்கு ஆகும்.

கடைசல் பட்டறையில் கட்டை சுழன்றது. நீளக் கம்பியால் நடுவில் துளைத்துக்கொண்டே போனார். மேலே குறுகி, கீழே விரிய வேண்டும். கம்பியை வெளியே எடுத்து, ஊதித் தூளைத் தட்டி, கண்ணுக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு வட்டமான ஒளி, ஓரத்தில் எங்கும் பிசிறு இல்லை. லென்ஸைக் கழற்றி நான் பார்ப்பதும் இப்படித்தான். பழைய மரம் அறுபடும்போது ஒரு வாசனை வருகிறது. பூட்டிவைத்த பூஜையறையைத் திறந்த மாதிரி.

பழைய நாயனம் திமிரி. குட்டை, சுருதி உச்சத்தில் இருக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது போதவில்லை. அவர் வாய்ப்பாட்டுக் கற்றது திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர் என்ற வயலின் வித்வானிடம். நாயனத்திலும் பாடுகிற மாதிரி நின்று நிதானமாக ராகம் சொல்ல ஆசைப்பட்டார். அதற்கு நீளமும் தாழ்ந்த சுருதியும் வேண்டும், சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் சுத்தமாகப் பேச வேண்டும். இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி பலமுறை கடைந்து பார்த்து அதைக் கொண்டுவந்தார். அதுதான் பாரி நாயனம். இன்று எல்லார் கையிலும் இருப்பது அது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தோடிக்கு வழிவிட்ட கட்டையைக் கடைந்தவரின் பெயரையும் கூடவே சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ராஜரத்தினம் பிள்ளை 1940-இல் காளமேகம் படத்தில் கதாநாயகனாக நடித்தார். இயக்கியவர் எல்லிஸ் டங்கன். அமெரிக்காவில் ஒஹையோவில் பிறந்தவர், தமிழ் தெரியாது. ஒரு அமெரிக்கர் காமிராவுக்குப் பின்னால் நிற்க, திருவாவடுதுறை நாயனக்காரர் தமிழ்ப் புலவராக நடித்திருக்கிறார். மொழி புரியாத கல்யாணங்களில் நானும் படம் எடுத்திருக்கிறேன். புரியாதபோது கண் இன்னும் கூர்மையாகிவிடும்.

பதினோரு மணிக்கு ஒரு இளைஞர் வந்தார். குண்டூர்ப் பக்கம், முஸ்லிம், பரம்பரையாக நாயனம். சொல்லிவைத்திருந்த வாத்தியத்தை வாங்க ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறார். தெலுங்கு கலந்த தமிழில் "ஷேக் சின்ன மௌலானா சாகிப் மாதிரி வாசிக்கணும், அதான் ஆசை" என்றார். மௌலானா சாகிபும் ஆந்திரக்காரர்தான். தஞ்சாவூர் பாணி மேல் ஆசைப்பட்டு நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அரங்கநாதருக்கு வாசித்து, 1999-இல் அங்கேயே காலமானார். திருச்சி வழியாகத்தான் வந்தேன், ஸ்ரீரங்கம் பக்கத்தில்தான், இவர் நினைவு அப்போது வரவில்லை.

நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை இளைஞர் வாயில் போட்டு நனைத்தார். நாணல்தட்டையில் செய்வது, காகிதம் மாதிரி மெல்லிசு. பொருத்தி ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார். சின்ன வீடு, தாழ்ந்த ஓடு. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆசாரி கண்ணை மூடிக் கேட்டு, "மத்தியமம் கொஞ்சம்..." என்று வாத்தியத்தை வாங்கி, ஒரு துளையின் ஓரத்தை இரண்டே இழுப்பு ராவினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆசாரி முகத்தில் வந்த சிரிப்பைப் படம் எடுத்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

தவில் செட்டுக்காரர் ஒருவரும் டீ குடிக்க வந்து உட்கார்ந்தார். பேச்சு யாழ்ப்பாணத்துக்குப் போனது. இங்கிருந்து மேளக்காரர்கள் கடல் தாண்டிப் போய் அங்கே கோயில் திருவிழாக்களில் வாசித்த காலம். அங்கிருந்து யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இங்கே வந்தபோது அவர் கையைக் கேட்டு இந்த நாட்டுத் தவில்காரர்களே மலைத்துப்போனார்கள் என்றார். 1975-இல் 41 வயதில் இறந்தவர் அவர். "கை இல்லீங்க அது, மழை" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டார்.

கிளம்பும்போது ஆசாரி கேட்டார். "தம்பி, போட்டோ புடிக்கிறது நீங்க யாருகிட்ட பாடம்?"

"எங்க ஊர் ஸ்டுடியோ அண்ணன்கிட்ட ஐயா. பதினாறு வயசுல இருட்டறையில தண்ணி மாத்தி ஊத்த ஆரம்பிச்சேன்."

"அவரு யாருகிட்ட?"

"பாலக்காட்டுக்காரர் ஒருத்தர்கிட்டன்னு சொல்வார்."

"அப்ப நீங்க பாலக்காட்டு பாணி" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் என் வேலைக்கு ஒரு பாணி உண்டு என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. ராத்திரி அறைக்கு வந்ததும் ஸ்டுடியோ அண்ணனுக்குப் போன் செய்து, அந்தப் பாலக்காட்டுக்காரரின் பெயரைக் கேட்டு வாங்கினேன்.

ஆறாம் நாள், நாகூர்

பஸ் திருவாரூரில் பத்து நிமிஷம் நின்றது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர். அதில் தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மூன்று மணிக்கு நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் பிரதாபசிம்மர். முத்துப்பழனியைத் தன் சபையில் வைத்திருந்த அதே மராட்டிய மன்னர். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் இந்த ஊர்க்காரர். 2015-இல் காலமான ஈ.எம். ஹனிபாவின் குரல் கடைவீதியில் இரண்டு கடைக்கு ஒன்றாகக் கேட்கிறது. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகிற குரல் அது. சின்ன வயதில் எங்கள் தெருவில் மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர் ரெக்கார்டு போடுவார்கள்.

குளக்கரையில் ஒரு பக்கீர் தாயிரா என்ற தோல் வாத்தியத்தை அடித்துப் பாடிக்கொண்டிருந்தார். விரல் நுனி தோலின் ஓரத்தில் பட்டால் ஒரு நாதம், நடுவில் உள்ளங்கை பட்டால் வேறு நாதம். இடது கைக் கட்டைவிரலால் தோலை அழுத்தி, சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினார். பாட்டு முடியும்வரை காமிராவை எடுக்கவில்லை. அப்புறம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாவா, இது யாருகிட்ட பாடம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை யாரும் கேட்டதில்லையே" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவருடைய உஸ்தாது, உஸ்தாதுக்கு உஸ்தாது, அவர் எந்த ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்பது வரை. நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று தலைமுறை தெளிவாக வந்தது. நாலாவது பெயர் தன் மச்சானுக்குத்தான் தெரியும் என்றார். மச்சான் மஃரிப் தொழுகை முடிந்ததும் வருவாராம்.

குளத்துப் படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாங்கு சொல்லிவிட்டார்கள். எனக்குப் பஸ் எட்டரைக்கு.